தலைக்கு வைக்கிற எண்ணெய்

அந்த மார்கழியில் பாலையூற்றில் தேங்காயெண்ணெய் உறைந்தது. விடியப்புறம் போத்தலின் மேற்பக்கத்தில் வெள்ளையாகப் படர்ந்து, வெயில் ஏறக் கரைந்துபோகிற உறைவை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். இது கவிழ்த்துக் குலுக்கினாலும் ஒரு சொட்டு விழாத உறைவு. எட்டு நாளாகச் சூரியனைக் காணவில்லை. வாடைக்காற்று குடாவைத் தாண்டி வந்து ஓட்டு இடுக்குகளால் வீட்டுக்குள் இறங்கியது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் சூடு. குளிக்கப் போனவர்கள் கிணற்றடியை விட்டு வர மனமில்லாமல் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டு அது. புஸ்பராணி எண்ணெய்ப் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து இளக்கித்தான் தாளிதத்துக்கும் எடுத்தாள், தலைக்கும் எடுத்தாள். ஒன்பது மாதமாக அவள் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

தம்பி கதிரவேல் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். முப்பது வயது ஆகவில்லை. அவனுடைய மனைவி இரத்தினேஸ்வரி பங்குனியில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்று ஆறாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் பேச்சைச் சுருக்கிக்கொண்டான். ஓம், இல்லை, பாப்பம். மூன்று சொல்லில் ஒரு கிழமையை ஓட்டிவிடுவான். அவன் அழுததை யாரும் காணவில்லை.

"பாணுக்கும் சீனிக்கும்தான் கூப்பன் எண்டு இரிந்தன். மாஸ்டர் கதைக்கும் கூப்பன் வெச்சிட்டாரு" என்பார் பக்கத்து வளவு அபூதாஹிர். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். ஒருவரும் சிரிக்காவிட்டாலும் தானே சிரித்து முடித்துவிடுவார்.

அவருடைய மனைவி ரபீக்கா. இரத்தினேஸ்வரியைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று, பிள்ளை பசியில் கத்திக் கத்தி நீலம் பாரித்தபோது, வேலியில் இருந்த பொட்டு இடைவெளியால் குனிந்து வந்தவள் அவள்தான். அவளுடைய மகன் ஸுஹைருக்கு அப்போது இரண்டு மாதம். யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கத்தல் நின்றது. அன்றிலிருந்து பிள்ளை நாளைக்கு நாலைந்து தரம் அந்தப் பொட்டால் போய் வந்தது. பொட்டு பெருத்து ஒரு பாதையாகிவிட்டது.

"இனி இவன் இவளுக்கு நானா, உங்கட பேச்சில அண்ணன்" என்று ரபீக்கா ஒருமுறை புஸ்பராணியிடம் சொன்னாள். "ஒரு பாலக் குடிச்சா எங்களுக்குக் கூடப்பிறந்த மாதிரி. நாளைக்குக் கலியாணம் கிலியாணம் எண்டு நீங்க கேட்டு வர ஏலா, அக்கா."

வைகாசியில் ஒருநாள் கதிரவேல் வேலியடிக்குப் போய் நின்றான். "ராத்தா, நீங்க எனக்கு..." என்று தொடங்கினான். மிச்சம் வரவில்லை.

"ரெண்டும் ஒரே நேரத்தில பசிக்கிறல்ல, மாஸ்டர். எனக்கென்ன பாரம்? பள்ளிக்கூடத்துக்குப் பிந்துது, போங்க" என்று அவள் அனுப்பிவிட்டாள். அந்த மிச்சம் அவனுக்குள் அப்படியே கிடந்தது.

எண்ணெய் உறைந்த அந்த மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை. காலை ஏழு மணிக்கு, ரபீக்காவின் பிறந்த ஊரான கந்தளாயிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறி ஒன்று அபூதாஹிரின் படலை வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் ரபீக்காவின் சொந்தக்காரன் முனாப். மழைக்குள் இறங்கி ஓடிவந்தவன் விறாந்தைக்கு ஏறாமல் முற்றத்திலேயே நின்றான்.

"நானா, உங்கட மாமி மௌத்தாப் போயிட்டாங்க. சுபஹுத் தொழுகைக்கு வுழூ எடுக்க, கைகால் கழுவப் போனவங்க, கிணத்தடியில குந்தினபடியே."

அபூதாஹிர் தலையில் கைவைத்து அரபியில் ஒன்றை முணுமுணுத்தார். "எப்ப எடுக்கிற?"

"ளுஹரோட, பகல் தொழுகையோட. பின்னேரம் அசர் மட்டும் வெப்பம் எண்டு சொல்லித்தான் பாத்த. குழியில தண்ணி ஊறுது நானா. வெட்ட வெட்ட நிறையுது. பிந்தினா மண் சரிஞ்சிடும் எண்டு பள்ளிவாசல்ல சொல்லிட்டாங்க."

"உன்ட லொறி?"

"நெல்லு நனையுது. கொண்டுபோய் இறக்கித் திரும்ப அசராகும். பஸ்ஸயும் நம்பாதீங்க. விடியப் போனது போயிட்டு. அடுத்தது பத்தரைக்கு. தம்பலகாமத்துக்கு அங்கால றோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, அதுவும் வந்தா வந்ததுதான்."

வேலிக்கு இப்பால் கதிரவேல் பல் துலக்கிக்கொண்டு நின்றான். எல்லாம் கேட்டது. வேலிப்பொட்டடியில் ரபீக்கா ஸுஹைரை இடுப்பில் வைத்தபடி நிற்பதும் தெரிந்தது. அழவில்லை. முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மாட முகத்தப் பாக்கோணும்" என்றாள். 

அவள் தாயைக் கண்டு ஒன்பது மாதமாகிறது. பெருநாளுக்கு வா என்று தாய் இரண்டு தரம் ஆளனுப்பினாள். "கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு பஸ்ஸில ஏறேலா, பொறகு வாறன்" என்று ரபீக்கா மறுசொல் அனுப்பினாள். காரணம் பஸ் அல்ல. அவள் ஒரு கிழமை கந்தளாயில் நின்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது? அது அபூதாஹிருக்கும் தெரியும், புஸ்பராணிக்கும் தெரியும். கதிரவேலுக்கும் தெரியும்.

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"நானா, காரை எடுக்கிறன். வெளிக்கிடுங்க."

புஸ்பராணி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். பேசினது தம்பிதானா என்று பார்த்தாள்.

கார் இரத்தினேஸ்வரியின் சீதனம். ஐம்பத்தாறாம் ஆண்டு மொரிஸ் மைனர். அவளுடைய தகப்பன் கடற்படைத் தளத்தில் எஞ்சின் பூட்டுகிற பிற்றராக இருந்தவர். வெள்ளைக்காரர் ஐம்பத்தேழில் தளத்தை விட்டுப் போனபோது ஓர் அதிகாரியிடம் வாங்கினார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஸ்பானரை மகளிடம் நீட்டினார். கலியாணத்துக்குப் பிறகும் பொனற்றைத் திறந்து பழுது பார்க்கிறவள் அவள்தான். கதிரவேல் ஓட்டுவான். அதன் தத்துவமெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லுவான். ஒரு திருகாணியைக் கழற்றினதில்லை. அவள் போனபிறகும் கார் அவனைக் கைவிடவில்லை. பங்குனி சித்திரை வெயிலிலும் ஒழுங்காக ஓடியது. கடைசியாக எடுத்தது கார்த்திகை முதற்கிழமை.

கார் நின்ற கிடுகுக் கொட்டிலுக்குள் போய்த் திறப்பைத் திருப்பினான். முன்னால் பொனற்றுக்குள் பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து நின்றது. சோக்கை இழுத்து ஸ்ராட்டரை இழுத்தான். எஞ்சின் இரண்டு தரம் முக்கியது. மூன்றாம் தரம் பிடித்தது. மெல்ல, நடுங்கி நடுங்கி ஓடியது. காலை அக்சிலேற்றரில் வைத்தான். ஒரு செருமலோடு நின்றுவிட்டது.

திரும்பவும் இழுத்தான். பிடித்தது. காலை வைத்தான். நின்றது.

"குளிர் நாட்டில பிறந்த சாமான்" என்றார் அபூதாஹிர், வெள்ளைச் சேட்டின் கையை மடித்தபடி. "எங்கட குளிரக் கண்டு படுத்துட்டு. வெளிய வாங்க மாஸ்டர், ஈரம் பிடிச்சிரிக்கும்."

நாலு பிளக்கையும் கழற்றினார்கள். எல்லாம் ஈரம். புஸ்பராணி அவற்றை வாங்கிக்கொண்டு போய்த் தாச்சியில் போட்டு அடுப்பில் வைத்தாள். கச்சான் கடலை வறுப்பதுபோல அகப்பையால் கிண்டினாள். அதற்கிடையில் அபூதாஹிர் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து சாரத் தலைப்பால் துடைத்தார். கொதிக்கக் கொதிக்கப் பிளக்குகளைக் கொண்டுவந்து, துணியால் பிடித்துப் பூட்டினார்கள். எட்டேகாலாகிவிட்டது.

பிடித்தது. காலை வைத்ததும் நின்றது.

ஒன்பது மணிக்கு பற்றரி இறங்கிவிட்டது. முன்பக்கத்தில் ஹாண்டிலைச் செருகி அபூதாஹிர் சுற்றினார். பாரந்தூக்கியில் இருந்து பழகின தோள். அவர் சுற்ற எஞ்சின் பிடிக்கும். கதிரவேல் காலை வைக்கச் செத்துப்போகும்.

"அந்தக் காலக் கொஞ்சம் வையாம இரிங்களன்."

"வைக்காட்டி ஓடாது நானா. சும்மா நிண்டு நடுங்கும்."

"நடுங்கிக்கிட்டுக் கந்தளாய்க்குப் போகேலுமெண்டா நானும் போயிருப்பன், கார் என்னத்துக்கு?"

தள்ளியும் பார்த்தார்கள். வளவிலிருந்து றோட்டுக்கு ஒரு சின்ன இறக்கம் உண்டு. மூன்று பேரும் சேர்ந்து தள்ள, கார் படலையைத் தாண்டி உருண்டது. கதிரவேல் பாய்ந்து ஏறிக் கியரைப் போட்டான். ஒரு குலுக்கல், ஓர் இருமல், பிறகு மழைச்சத்தம் மட்டும். கார் றோட்டோரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

ஒன்பதரை. அபூதாஹிர் ஹாண்டிலை நிலத்தில் வைத்தார். அவர் பகிடியை நிறுத்தியதை அப்போதுதான் கதிரவேல் கவனித்தான்.

வீட்டுக்குள் பிள்ளை அழத் தொடங்கியது. புஸ்பராணி திரும்பிப் பார்ப்பதற்குள் ரபீக்கா பொட்டால் போய்விட்டாள். அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தால் அவள் வெளியே வந்தாள். ஒரு கையில் அவனுடைய பிள்ளை நித்திரை. மறு கையில் தட்டம், அதில் மூன்று கோப்பை வெறுந்தேத்தண்ணி.

"குடிங்க மாஸ்டர். கையெல்லாம் விறைச்சிட்டு உங்களுக்கு." தட்டத்தை நீட்டியபடி, "கார் சரிவராட்டிப் பறவாயில்ல. நீங்க வெளிக்கிட்டதே எனக்குக் காணும்" என்றாள்.

தாய் மௌத்தான வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறவள் அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறாள். அவன் கோப்பையை வாங்கி மட்காட்டில் வைத்தான்.

"அவள் இருந்தா இந்நேரத்துக்கு ஓடியிருக்கும்" என்றாள் புஸ்பராணி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒன்பது மாதமாக அந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கதிரவேல் அக்காவைப் பார்த்தான்.

"அவள் என்ன செய்வாள், அக்கா?"

"எனக்கென்னடா தெரியும்? வந்து நிண்ட நேரங்களில கண்டனான். முதலில அந்தக் கறுப்புக் குமிழைக் கழட்டி, ஒரு கம்பியை இழுத்துப் பாப்பாள். கறியில உப்புப் பாக்கிறமாதிரி."

காபரேற்றரின் தலையில் இருந்தது அந்தக் குமிழ். அதற்குக் கீழே, காற்றை அளந்து உள்ளே விடுகிற உருளை ஒன்று ஏறி இறங்க வேண்டும். காலை வைக்க வைக்க அது ஏறும். துள்ளாமல் நிதானமாக ஏறுவதற்காக, குமிழின் கீழுள்ள குழலில் கொஞ்சம் மெல்லிய ஓயில் விட்டிருக்கும். எஞ்சின் பாடத்தில் அவன் அதைச் சொல்லியிருக்கிறான்.

குமிழைத் திருகினான். இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுக்க, கம்பி மெழுகுதிரி போல ஒரு தடித்த கட்டியோடு வெளியே வந்தது. வெள்ளையில் இளம்பச்சை. விரல் சூட்டுக்கு ஓரம் இளகியது. மணம் வந்தது. வெந்தயம், கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி.

போன மாசி மாதம் அது. அவள் எட்டு மாத வயிற்றோடு கொட்டிலுக்குள் நின்று கேட்டாள். "தையல் மெசினுக்கு விடுற ஓயில் ஒரு கடையிலயும் இல்லையாம். என்ர தலைக்கு வைக்கிற எண்ணெயில ரெண்டு சொட்டு விடட்டே?" அவன் விறாந்தைக் கதிரையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். "மெல்லிய எண்ணெய் எதுவும் சரி" என்றான். தலையை நிமிர்த்தவில்லை. எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் தேங்காயெண்ணெயின் உருகுநிலையைக் கரும்பலகையில் எழுதுகிறவன் அவன். மார்கழி வரும் என்று நினைக்கவில்லை.

"என்ன மாஸ்டர் அது, நெய்யா?" அபூதாஹிர் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய். உறைஞ்சு போச்சுது. உருளை ஏறேலாமல் இறுகிப்போய் நிக்குது. அதுதான் காலை வைக்கக் காற்றுப் போகேல்லை."

"அட, இவ்வளவுதானா. வடிச்சு ஊத்திட்டுப் புதுசா விடுவம். ரபீக்காட மெசினுக்கு வெச்சிரிக்கிற ஓயில் கொஞ்சம் கிடக்கு."

"வேண்டாம் நானா."

"ஏன்?"

"எஞ்சின் சூடேறினா இது உறையாது. இளக்கிவிட்டாக் காணும்." பிறகு, "இது கிடக்கட்டும்" என்றான்.

கம்பியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான். கையில் மிஞ்சிய எண்ணெயை வீணாக்காமல் தலையில் தடவுவது அந்த ஊர்ப் பழக்கம். அவனும் யோசியாமல் தலையில் தேய்த்தான். புஸ்பராணி அதைக் கண்டுவிட்டு, "சுடுதண்ணி கொண்டுவாறன்" என்று குசினிக்கு ஓடினாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரமெடுத்தது. கண் சிவந்திருந்தது.

துவாயைச் சுடுதண்ணீரில் தோய்த்துக் காபரேற்றரைச் சுற்றிக் கட்டினார்கள். ஆற ஆற மாற்றினார்கள். மூன்றாம் துவாயோடு உள்ளே எண்ணெய் மினுங்கி அசைந்தது. குமிழைப் பூட்டினான். அபூதாஹிர் பிஸ்மி சொல்லி ஹாண்டிலைச் சுற்றினார்.

பிடித்தது. கதிரவேல் காலை வைத்தான். எஞ்சின் குரலெடுத்தது. இன்னும் வைத்தான். றோட்டெல்லாம் கேட்கக் கத்தியது.

"ஏறு, ஏறு, புள்ளயளத் தூக்கு" என்று அபூதாஹிர் ஓடினார்.

பத்தேகாலுக்கு வெளிக்கிட்டார்கள். முன்னால் அபூதாஹிர். பின்னால் ரபீக்கா மடியில் ஸுஹைர், புஸ்பராணி மடியில் பிள்ளை. மழைத்துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது, அதுவும் அபூதாஹிர் பக்கத்தது. "வலதுக்கு எடுங்க. மாடு. இப்ப நேராப் போங்க" என்று அவர் பார்த்துச் சொல்ல இவன் ஓட்டினான்.

தம்பலகாமம் சந்திக்கு அங்கால் வயலும் றோட்டும் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர் குறுக்கே பாய்ந்தது. அபூதாஹிர் இறங்கிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். முழங்கால் அளவு தண்ணீர். றோட்டின் விளிம்பைக் காலால் தடவித் தடவி, கையைக் காட்டினார். கதிரவேல் முதலாம் கியரில், வைத்த காலைத் தளர்த்தாமல், அவருடைய முதுகைப் பார்த்து ஓட்டினான். கதவடியால் தண்ணீர் உள்ளே வந்தது. பின்னால் ரபீக்கா ஓதிக்கொண்டிருந்தது கேட்டது. எஞ்சின் நிற்கவில்லை. அக்கரையில் ஏறிய அபூதாஹிர் தெப்பமாக நனைந்து, "வெள்ளக்காரன் வாழ்க" என்றபடி கதவைத் திறந்து ஏறினார்.

கதிரவேல் கியரை மாற்றினான். வெள்ளைக்காரனுக்கு இதில் பங்கில்லை.

கந்தளாயில், பேராற்றுப் பக்கம் இருந்த ரபீக்காவின் தாய்வீட்டை அடைந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். முற்றம் நிறைய ஆட்கள். உடல் வைத்த சந்தூக்குப் பெட்டி விறாந்தைக்கு வந்துவிட்டது. மூடியிருக்கவில்லை. காரைக் கண்டதும் ஒருவர் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினார். "மகள் வந்துட்டா. வழி விடுங்க."

ரபீக்கா செருப்பையும் போடாமல் இறங்கிச் சேற்றில் நடந்து போனாள். ஆண்கள் விலகி முதுகு காட்டி நின்றார்கள். ஓர் ஐந்து நிமிடம் மழைதவிர வேறொரு சத்தமும் இல்லை. பிறகு தூக்கினார்கள்.

கதிரவேல் அவர்களோடு நடந்தான். பள்ளிவாசலில் வெளியே நின்றான். மையவாடியில், தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டிய குழியருகே, எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். அபூதாஹிர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவனும் போட்டான். ஈர மண் கையில் ஒட்டியது. பங்குனியில் சுடலையில் தான் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இது நினைவிருக்கும் என்று தோன்றியது.

திரும்பி வந்து விறாந்தை ஓரத்தில் நின்றபோது உள்ளே அவனுடைய பிள்ளை அழுதது. பிறகு அடங்கியது. வயதுபோன பெண்குரலொன்று கேட்டது.

"இது யாருட புள்ள, ரபீக்கா?"

"என்ட மகள், சாச்சி."

"உனக்கு மகன்தானே?"

"இவ பால் மகள். நான் இவ்வளவு நாள் வராததுக்கு இவ பிழையில்ல, நான்தான் இவவ விட்டுட்டு வரேலாம இரிந்த."

"அப்ப உம்மாவுக்குப் பேத்தி" என்றது அந்தக் குரல். "காத்தடிக்குது, இஞ்சால உள்ளுக்கு வந்து இரி மகள்."



இரண்டு மணியளவில் ரபீக்கா கதவடிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நான் மூணு நாள் நிண்டுட்டு வாறன், மாஸ்டர். புள்ள என்னோட நிக்கட்டும். அக்காவும் இவரும் நிக்கிறாங்களாம். உம்மாட முகம் நித்திரை மாதிரி இரிந்திச்சு. கண்டுட்டன்."

"ராத்தா, நீங்க எனக்கு..."

"அந்தக் கதைய இன்னும் முடிக்கலியா நீங்க?" அவளுடைய ஈரக் கண்ணில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"என்ர பிள்ளை உயிரோட இருக்கிறது உங்களால."

முடித்துவிட்டான். அவள் தலையைக் குனிந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"போங்க. கார் ஆறிடும்" என்றாள்.

பொனற் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. ஓட்டத்தில் பற்றரியும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரே இழுவையில் பிடித்தது. தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான். தண்ணீர் வடிந்து றோட்டு தெரியத் தொடங்கியிருந்தது. தம்பலகாமம் சந்தி தாண்டியதும் உள்ளே வெக்கை பிடித்துக் கண்ணாடி வேர்த்தது. அவனுடைய தலையிலிருந்து அந்த எண்ணெய் மணம் எழும்பியது. நெற்றியோரத்தால் ஒரு கோடு இறங்கியது. துடைக்கக் கையெடுத்தபோது கன்னமும் நனைந்திருந்தது.

"ஈஸ்வரி" என்றான். பக்கத்து இருக்கை அபூதாஹிர் இருந்த ஈரத்தோடு கிடந்தது.

"நீ கேக்கேக்க நான் தலை நிமித்தேல்லை. உன்ர எண்ணெய் உறைஞ்சு போச்சுது. பிழை என்னிலதான்." றோட்டில் ஒரு பள்ளத்தைச் சுற்றி ஓட்டினான். "அக்காதான் சொன்னவ, நீ முதலில அந்தக் குமிழைத்தான் கழட்டுவாய் எண்டு. அதால ரபீக்கா ராத்தா தாயின்ர முகத்தைக் கண்டிட்டா. பிள்ளைக்குக் கீழே ரெண்டு பல்லு வந்திட்டுது. அபூதாஹிர் நானா முழங்கால் தண்ணிக்குள்ளால முன்னுக்கு நடந்தவர், கேள்..."

பாலையூற்றில் வளவுக்குள் திருப்பிக் கொட்டிலில் காரை விட்ட பிறகும் அவனுக்குச் சொல்ல இருந்தது. திறப்பைத் திருப்பி நிறுத்தாமல், எஞ்சினை ஓடவிட்டபடியே இருந்து சொன்னான்.